அடி இருக்கட்டும், கனஅடியை மாற்றுங்கள்

தமிழ்நாடு நீர்வளத் துறையின் பொறியாளர்களுக்கும், அணை, ஏரி நிலவரத்தை அன்றாடம் தயாரித்து வெளியிடும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

காலையில் நீங்கள் வெளியிடும் நிலவரத்தை வரி விடாமல் படிக்கிற கூட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது. தஞ்சை, திருவாரூர்க்காரர்களுக்கு மேட்டூர். தேனி, மதுரைக்காரர்களுக்குப் பெரியாறும் வைகையும். ஈரோட்டில் பவானிசாகர், நெல்லையில் பாபநாசம், சென்னையில் செம்பரம்பாக்கமும் புழலும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பது என் தொழில். எண்களைப் பார்த்தால் கூட்டிக் கழிக்காமல் விட மனம் வராது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடல்.

வடகிழக்குப் பருவமழை நாளில் சென்னையில் இருப்பவருக்கு மூன்று செய்திகள் வருகின்றன. எத்தனை மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் மழை பெய்தது என்று வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. ஏரியில் எத்தனை மில்லியன் கனஅடி இருக்கிறது, வினாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நாளொன்றுக்கு எத்தனை மில்லியன் லிட்டர் விநியோகிக்கிறோம் என்று குடிநீர் வாரியம் சொல்கிறது. வானத்திலிருந்து விழுந்து, ஏரியில் தங்கி, குழாயில் வருவது ஒரே தண்ணீர்தான். முதல் செய்தியும் மூன்றாவது செய்தியும் மெட்ரிக்கில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் உங்கள் கணக்கு மட்டும் அடியில் நிற்கிறது. அதனால் மழைக்கும் குழாய்க்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எளிய மனிதர்களுக்கு வழியில்லாமல் போகிறது.

பருவமழை சமயத்தில் வகுப்பில் நாளிதழை வைத்துக் கணக்குப் போடச் சொல்வது என் வழக்கம். பாடப்புத்தகத்தில் வரும் தொட்டி, உருளை, கூம்பு எல்லாம் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். ஏரி என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். "100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டேன். ஒரு சதுர கிலோமீட்டர் 10 லட்சம் சதுர மீட்டர். நூறு என்றால் 10 கோடி சதுர மீட்டர். அதன்மேல் 0.1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். ஆக ஒரு கோடி கன மீட்டர். கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் என்பதால் 1,000 கோடி லிட்டர். பேனா எடுக்காமலே சொன்னார்கள். சென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால், பெய்ததெல்லாம் ஏரிக்கு வந்து சேர்ந்தால், பத்து நாள் தண்ணீர். பெய்ததெல்லாம் வந்து சேராது, மண் குடித்தது போகத்தான் மீதி என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

பிறகு நாளிதழைப் பிரித்தோம். செம்பரம்பாக்கம், முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. "சார், கனஅடின்னா எத்தனை லிட்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள். 28.3 என்றேன். "அப்ப லிட்டர்லயே போட்டிருக்கலாமே சார்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்புகிறேன்.

அவள் கேட்டபடி போட்டால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். செம்பரம்பாக்கம் நிரம்பினால் ஏறக்குறைய 10,300 கோடி லிட்டர். மேலே சொன்ன நூறு கோடிக் கணக்கில் 103 நாள். பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை எல்லாம் சேர்த்து ஐந்து ஏரிகளின் கொள்ளளவு 11,757 மில்லியன் கனஅடி. அதாவது சுமார் 33,300 கோடி லிட்டர், 333 நாள். ஆவியாவதையும், மதகுக்குக் கீழே எடுக்க முடியாமல் தங்குவதையும் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் "ஐந்து ஏரியும் நிரம்பினால் ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும்" என்ற செய்தி கைக்குக் கிடைக்கிறது. 11,757 மில்லியன் கனஅடி என்பதைப் படித்துவிட்டு யாருக்கு இது தோன்றும்? "ஒரு டி.எம்.சி. என்றால் சென்னைக்கு ஒரு மாதத் தண்ணீர்" என்று செய்தியாளர்கள் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுவது இதனால்தான். ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கனஅடி, சுமார் 2,832 கோடி லிட்டர், 28 நாள் கணக்கு. உங்கள் எண்ணைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஒரு கோனார் உரை தேவைப்படுகிறது.

பழைய அளவு என்பதாலேயே அதை மட்டம் தட்ட நான் வரவில்லை. கனஅடியைக் கொண்டுவந்த பொறியாளர்கள் யோசிக்காமல் செய்யவில்லை. வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு மணி நேரம் தண்ணீர் பாய்ந்தால் 3,600 கனஅடி. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 3,630 கனஅடி வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றுதான். மதகில் ஒரு கனஅடி, வயலில் ஒரு மணிக்கு ஒரு ஏக்கர் ஓரங்குலம். மழையையும் அங்குலத்தில் அளந்த காலத்தில், வாய்க்கால் மேஸ்திரி விரலை மடக்கியே கணக்கு முடித்திருப்பார். அதன் அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சங்கிலி இன்று இல்லை. மழை மில்லிமீட்டருக்குப் போய்விட்டது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று அச்சாகிறது. ஊரில் நாம் இன்னும் ஏக்கர், சென்ட் என்று பேசினாலும் ஏடு மாறிவிட்டது. உரம் கிலோவில், மருந்து மில்லிலிட்டரில், கொள்முதல் நிலையத்தில் நெல் குவிண்டாலில். இரண்டு பக்கமும் மாறிவிட, நடுவில் ஓடும் தண்ணீர் மட்டும் மாறவில்லை. முழுக்கப் பழையதாக இருந்திருந்தால் சிக்கல் இருந்திருக்காது. பாதி மாறி, பாதி நின்றதுதான் வினை.

வீட்டுக்குள்ளும் இந்தக் கலப்படம் இருக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆள் உயரம் அடியில், எடை கிலோவில். புடவை கெஜத்தில், ரவிக்கைத் துணி சென்டிமீட்டரில். பிளைவுட் எட்டுக்கு நாலு அடி, கனம் மட்டும் 19 எம்.எம். டிவி அங்குலத்தில், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பது மீட்டரில். காய்ச்சல் நூற்றிரண்டு, ஏசி இருபத்துநாலு. ஒரே வீட்டில் ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. யாரும் குழம்புவதில்லை. காரணம், காய்ச்சலையும் ஏசியையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. டிவி அங்குலத்தை எதனாலும் பெருக்குவதில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. நாம் புழங்கும் எண்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடையாளம், இன்னொன்று கணக்கு. "வெயில் சதமடித்தது" என்று செய்தி போடுகிறார்களே, அது ஃபாரன்ஹீட்டில் நூறு. செல்சியஸில் 37.8. "37.8 அடித்தது" என்று எழுதினால் செய்தி செத்துவிடும். அது அடையாளம். மேட்டூரின் 120 அடியும் அப்படித்தான். 1934-இல் திறந்த அணை. அன்றிலிருந்து காவிரிக் கரையில் 120 என்பது வெறும் நீளமல்ல. அந்த எண்ணை எட்டினால் அணைக்குப் பூத்தூவுகிறார்கள். அதைப் போய் 36.58 மீட்டர் என்று மாற்றச் சொன்னால் என்னைத்தான் அணையில் தள்ளுவார்கள். பெரியாறில் 136 அடியா 142 அடியா என்பது உச்ச நீதிமன்றம்வரை போய், 2014-இல் 142 என்று தீர்ப்பான எண். வைகையில் 66 அடி முதல் எச்சரிக்கை, 68.5 இரண்டாவது, 69 மூன்றாவது என்று கரையோரப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பவானிசாகர் என்றால் "சேறு சகதி 15 அடி போக 105 அடி" என்று நாளிதழ்கள் தவறாமல் எழுதுகின்றன. அதை எடுத்துவிட்டால் எனக்கே என்னவோ போலிருக்கும். இவையெல்லாம் இருக்கட்டும். நீர்மட்டத்துக்கு அடியே போதும்.

கொள்ளளவும் ஓட்டமும் அப்படி அல்ல. அவை கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் வகுப்பதற்கும் உள்ளவை. எத்தனை நாள் வரும், எத்தனை ஏக்கர் பாயும், என்றைக்கு நிரம்பும் என்று கேட்பதற்காகவே அந்த எண்கள் இருக்கின்றன. அதில் மில்லியன் கனஅடியும் டி.எம்.சி.யும் வினாடிக் கனஅடியும் பொறியாளர் அல்லாத எவரையும் வெளியே நிறுத்திவிடுகின்றன.

நீர்மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மக்கள் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் போகும். மேட்டூரில் 100 அடி வந்துவிட்டால் ஆறில் ஐந்து பங்கு நிரம்பிவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். 100 அடியில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி.தான். 120-க்குப் போனால் 93.47. கடைசி இருபது அடிக்குள் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது, அதாவது மொத்தத்தில் பத்தில் மூன்று பங்கு. அணை கீழே குறுகி மேலே விரிகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டீக்கடையில் அமர்ந்து "இன்னும் இருபதே அடி" என்று பேசுபவருக்கு யார் சொல்வது? இருப்பைக் கோடி லிட்டரிலும் சதவீதத்திலும் முதலில் போட்டு, அடியைப் பின்னால் போட்டால் அந்த நிலவரமே சொல்லிவிடும். மேட்டூர் முழுக் கொள்ளளவு 2.65 லட்சம் கோடி லிட்டர். லட்சம் கோடி என்றால் மலைப்பாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். பட்ஜெட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகாதவர் இந்த நாட்டில் எவரும் இல்லை.

ஓட்டத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது என்பது பின்னால் ஊரறிந்த எண்ணாயிற்று. யார் எப்போது எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. எண்ணை மட்டும் பார்க்கிறேன். 29,000 கனஅடி என்று கேட்டால் என்ன தோன்றுகிறது? எனக்கும் அன்று ஒன்றும் தோன்றியிருக்காது. 20,000-க்கும் 29,000-க்கும் உள்ள வேறுபாடும் தெரிந்திருக்காது. லிட்டரில் சொல்லிப் பாருங்கள்: வினாடிக்கு 8 லட்சத்து 21 ஆயிரம் லிட்டர். சென்னைத் தெருவில் நிற்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எல்லோருக்கும் தெரியும். அந்த லாரிகள் 68, ஒவ்வொரு வினாடியும், அடையாற்றில். இதைக் கேட்டவர் மாடிக்குப் பீரோவைத் தூக்க ஆளைக் கூப்பிடுவார்.

லிட்டருக்கு மாறிவிட்டால் வெள்ள எச்சரிக்கை சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கரையோரத்தில் இருப்பவருக்கு மெய்யாகத் தேவைப்படுவது, தன் பக்கத்துப் பாலத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது. டெல்லியில் யமுனையின் அபாய அளவு 205.33 மீட்டர் என்று பழைய ரயில் பாலத்தை வைத்துச் சொல்கிறார்கள். 2023 வெள்ளத்தில் 208.66 வரை போனது ஊருக்கே தெரிந்தது. அந்த டெல்லிக்கும் மேலே ஹத்னிகுண்டு தடுப்பணையில் திறக்கும் தண்ணீர் கனஅடியில்தான் அறிவிக்கப்படுகிறது என்பது வேறு கதை. அடையாற்றுக்கும் கூவத்துக்கும் தாமிரபரணிக்கும் பாலத்துக்குப் பாலம் அப்படி ஓர் அளவுகோலை மக்கள் நாவில் ஏற்றினால் அது தனியான நன்மை. அதுவரை, திறக்கும் அளவையாவது புரிகிற அளவில் சொல்லுங்கள்.

காவிரி வழக்கில் எல்லாமே டி.எம்.சி.யில் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2007-இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 என்றது டி.எம்.சி.யில். 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 177.25 என்றதும் டி.எம்.சி.யில். நீதிமன்றத்தில் அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். மக்களுக்கான நிலவரத்தில் பக்கத்தில் இன்னொரு எண் போடுவதால் எந்த உரிமையும் பறிபோகாது. மத்திய நீர் ஆணையம் இதே மேட்டூரை 240.79 மீட்டர், 2.647 பில்லியன் கன மீட்டர் என்றுதான் தன் அறிக்கையில் காட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து எடுத்த மீட்டர் அது. அதே 120 அடி மட்டம்தான். ஆக மெட்ரிக்கில் இந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. டெல்லி அறிக்கையில் இருக்கிறது. கும்பகோணத்துக்கு வரும்போதுதான் கனஅடியாகிவிடுகிறது.

மெட்ரிக் எல்லாவற்றையும் எளிதாக்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். பிலிகுண்டுலுவில் வினாடிக்கு 10,000 கனஅடி வருகிறது என்றால் 177.25 டி.எம்.சி. வர எத்தனை நாள் என்று கேட்டால், 86,400-ஆல் பெருக்கித்தான் ஆகவேண்டும். நாளுக்கு 86,400 வினாடி என்பதை எந்த அளவை முறையும் மாற்றவில்லை. வினாடிக் கணக்கோடு நாள் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தீரும்: இன்று வந்தது இத்தனை கோடி லிட்டர், போனது இத்தனை கோடி லிட்டர் என்று. வரவு செலவு எழுதுவது போல இரண்டு வரி. மளிகைக் கடைக் கணக்கு தெரிந்தவர் எவரும் மீதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

மக்கள் பழகமாட்டார்கள் என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியவில்லை. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கி, 1962-க்குள் இந்த நாடு வீசையையும் சேரையும் மைலையும் விட்டுக் கிலோவுக்கும் கிலோமீட்டருக்கும் வந்து சேர்ந்தது. தொடங்கியதற்கு ஓராண்டு முன்னால்தான், 1957-இல், அணாவை விட்டுப் புதுக்காசுக்கு வந்திருந்தது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பாட்டிகள் சந்தையில் நின்று மாறினார்கள். நகைக்கடையில் சவரன் என்ற பேர் அப்படியே இருக்க, தராசில் அது எட்டு கிராமாகிவிட்டது, ஒருவரும் ஏமாந்துபோகவில்லை. நமக்குக் கனஅடியைக் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனே இன்று தன் ஆறுகளின் ஓட்டத்தைக் கன மீட்டரில் அளக்கிறது. மைல் சாலையிலும் பைண்ட் பப்பிலும் மிச்சமிருக்கின்றன.

இன்னும் அருகில் வேண்டுமானால் கட்டடம் கட்டும் இடத்துக்குப் போகலாம். எம்.சாண்டும் ஜல்லியும் இன்னும் யூனிட் கணக்கில்தான் வருகின்றன. யூனிட்டுக்கு நூறு கனஅடி. ஆனால் கான்கிரீட் கலவை லாரியில் வர ஆரம்பித்ததும் அது கன மீட்டரில் வந்தது. எங்கள் தெருவில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கூரை போட்டார்கள். ஐந்து அங்குலக் கனம். மேஸ்திரி அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "பன்னெண்டு க்யூபிக் மீட்டர் சொல்லிடுங்க சார், கொஞ்சம் மிஞ்சும், படிக்குப் போட்டுக்கலாம்" என்றார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11.8 வந்தது. தூணும் உத்திரமும் வேறாகப் போட்டாயிற்று என்பதால் அவர் சொன்னது கச்சிதம். சதுர அடியையும் அங்குலத்தையும் உள்ளே வாங்கி, கன மீட்டரில் வெளியே கொடுக்கிறார். அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. ரசீதில் அந்த அளவு வந்தது, பழகிக்கொண்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் அளவுகள் மெட்ரிக் முறைப்படி இருக்க வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியில் பழம் விற்கும் அக்காவின் எடைக்கல்லில் முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறை அதிகாரி வந்து கேட்கிறார். கேட்கட்டும், அது சரிதான். ஒரு கிலோ கொய்யாவுக்கு இத்தனை கறார் காட்டும் அரசு, மாநிலத்தின் மொத்தத் தண்ணீரையும் கனஅடியில் அளந்து சொல்வதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறதா இல்லையா சொல்லுங்கள்.

நான் கேட்பது சிறிய வேலைதான். அணைச்சுவரில் எழுதிய அடிக்கோட்டை அழிக்க வேண்டாம். மதகு ஷட்டர்களின் பழைய அட்டவணைகளை மாற்றி எழுத வேண்டாம். நீங்கள் வெளியிடும் தினசரித் தாளில் இருப்பு, வரத்து, திறப்பு என்ற மூன்று இடத்திலும் கோடி லிட்டரை முன்னால் போட்டு, கனஅடியை அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள். குடிநீருக்கான ஏரிகளுக்கு மட்டும் "இன்றைய விநியோகப்படி எத்தனை நாள்" என்று ஒரு கட்டம் கூடுதலாக. கணினியில் ஒருமுறை 28.3168 என்ற எண்ணைப் பொருத்திவிட்டால் மறுநாளிலிருந்து அது தானாக வரும். வருகிற அக்டோபரில், பருவமழை தொடங்கும்போது தொடங்கலாம். உதாரணத்துக்கு, எண்கள் என் கற்பனை:

செம்பரம்பாக்கம். இருப்பு 8,495 கோடி லிட்டர் (3,000 மில்லியன் கனஅடி), 82 சதவீதம். வரத்து வினாடிக்கு 14,160 லிட்டர் (500 கனஅடி). இன்று வந்தது 122 கோடி லிட்டர். திறப்பு வினாடிக்கு 5,660 லிட்டர் (200 கனஅடி). இன்று போனது 49 கோடி லிட்டர். இந்த ஏரி மட்டும் சென்னைக்கு 85 நாள்.

இப்படிக்கு,
செங்கல்பட்டு மாவட்டத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர்